பதினோரு மன்னிப்புக் கடிதங்கள்

படி ஏறும்போது பியோ சங்-கில் அண்ணன் பேசமாட்டார். ஒரே படியில் இரண்டு காலையும் வைப்பார், கைப்பிடியை இறுக்குவார், மூச்சை விடுவார், பிறகு அடுத்த படி. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. பேரிக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நின்று நின்று ஏறுவேன். அந்த மே மாதம் ஆறு நாள் இப்படி ஏறினோம்.

மேலே போங் மல்-ஹி என்கிற பெண் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. குடித்தவர்களின் காரை வீடு வரைக்கும் ஓட்டிக் கொடுக்கும் கூலி டிரைவர். எங்கள் குன்சான் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் முதல் பிட்சர், அதாவது பந்து வீசுபவன், தக் ஹியொன்-ஓ அவளை அடித்துவிட்டான். அவன் குடியிருப்பின் அடித்தளத்தில் காரை நிறுத்தும்போது சக்கரத்தைத் தூணில் உரசிவிட்டாள் என்று இரண்டு அறை. இடது காது ஜவ்வு கிழிந்துவிட்டது. கார் உரசவே இல்லை என்பது அங்கிருந்த கேமராவில் தெரிந்தது, அதுவும் மறுநாள் செய்தியில் வந்துவிட்டது.

'இவரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் விரும்பவில்லை' என்று அச்சடித்த ஒரு தாள். அதில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு சியோலில் லீக்கின் ஒழுங்குக் குழு கூடுகிறது, அதற்கு முன்னால் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் நாற்பது ஆட்டத் தடையோடு விட்டுவிடுவார்கள். சேராவிட்டால் ஒரு வருடம். தாள் நேரத்தோடு குழுவின் கைக்குப் போனால்தான் அவளுக்கு இழப்பீடு என்று ஹியொன்-ஓவின் வக்கீல் சொல்லியிருந்தார். அணியின் இயக்குநர் கூ, அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"பியோ சார், இதை நீங்க வாங்கலைன்னா டிசம்பர்ல உங்க பேரை நான் மேல அனுப்ப முடியாது."

அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது. வருடா வருடம் டிசம்பரில் புதுப்பிக்கிற வேலை. கப்பல் பட்டறையும் கார் தொழிற்சாலையும் அடுத்தடுத்து மூடிக்கொண்ட ஊரில், முழங்கால் மடங்காத ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு வாட்ச்மேன் வேலைகூடக் கிடைக்காது. அதற்கே மின்னணுப் பொறியாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

அவர் விளையாட்டுக்காரர்தான். கேட்சர். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட ஒலிபெருக்கியில் அவர் பெயர் வந்ததில்லை. ஆட்டத்துக்கு முன்னால் பிட்சர்கள் கையைச் சூடாக்க வீசுகிற பந்துகளைக் குந்தியிருந்து பிடிப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பந்து, ஒன்பது வருடம். முழங்கால் போன பிறகு அணி அவரைக் கைவிடவில்லை, நிர்வாகப் பிரிவில் ஒரு மேசை கொடுத்தது. மேசைதான் கொடுத்தது, வேலை என்ன என்று யாரும் சொல்லவில்லை. வேலை தானாக வந்து சேர்ந்தது. ஒருத்தன் டாக்சிக் கண்ணாடியை உடைத்தான், அண்ணன் போனார். ஒருத்தன் சீட்டாட்டக் கிளப்பில் மாட்டினான், அண்ணன் போனார். ஆஸ்பத்திரி வராந்தாக்களில், வைட்டமின் பானப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பை வளைத்துக் கும்பிட்டபடியே அவருடைய இருபது வருடங்கள் போயின.

இன்னொரு வேலையும் இருந்தது. அது அலுவலகத்தில் நான்கைந்து பேருக்குத்தான் தெரியும்.

நம் ஊரில் ஒரு விளையாட்டுக்காரன் தப்புச் செய்தால் ஒரு அறிக்கை விட்டால் போதும். இங்கே கொரியாவில் அது போதாது. தன் கைப்பட எழுத வேண்டும். வெள்ளைத் தாளில், கறுப்பு மையில், திருத்தல் இல்லாமல், கீழே தேதியும் பெயரும் போட்டு, அதைப் படம் எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். தட்டச்சு செய்தால் மனசில்லாதவன் என்பார்கள். ஆனால் பதினாறு வயதிலிருந்து பந்தைத் தவிர வேறெதையும் கையில் பிடிக்காத பையன்களின் எழுத்து எப்படி இருக்கும்? ஒரு முறை ஒருத்தன் தானே எழுதி ஏற்றினான். 'கோழி கிளறின மாதிரி எழுதி எங்களைக் கேலி செய்கிறான்' என்று ரசிகர்கள் மைதான வாசலில் சட்டையைக் கொளுத்தினார்கள். அடுத்த முறையிலிருந்து அண்ணன் எழுதினார்.

ராணுவத்தில் இருந்தபோது அதிகாரிகளுக்குப் பெரிய தாள்களில் விளக்கக் குறிப்புகள் எழுதிக் கொடுக்கிற சிப்பாயாக அவரை வைத்திருந்தார்கள். எழுத்து நல்லா இருந்தால் அங்கே துப்பாக்கி தூக்க வேண்டாம். அந்த எழுத்து. மக்கள் தொடர்பு ஆட்கள் வார்த்தைகளை அனுப்புவார்கள், அண்ணன் பழைய உபகரண அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கையாக எழுதுவார். ஒருத்தனுக்குச் சாய்த்து, ஒருத்தனுக்கு உருட்டி, ஒருத்தனுக்குக் கொஞ்சம் நடுங்கினாற்போல. ஹியொன்-ஓவுக்கு எழுதியது பதினோராவது.

நான் அந்த அணியில் புள்ளிவிவரம் பார்ப்பவன். சென்னையிலிருந்து வந்து பதினான்கு வருடமாகிவிட்டது. என் மேசை அண்ணன் மேசைக்கு அடுத்தது. என்னிடம் கார் இருந்தது. என் விசாவும் டிசம்பரில்தான் புதுப்பிக்கப்படும், அதனால் மறுக்கத் தைரியம் இல்லை. அவரால் கால் மடக்கி வண்டி ஓட்ட முடியாது, நான் ஓட்டினேன்.

முதல் நாள் மல்-ஹி கதவைத் திறக்கவில்லை. கேமரா வைத்த வாசல் ஒலிப்பெட்டியில் குரல் மட்டும் வந்தது.

"யாரு?"

"அம்மா, ஹெரன்ஸ் அணியிலேருந்து பியோ சங்-கில். மன்னிப்புக் கேக்க வந்திருக்கோம்."

"அடிச்சது நீங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் நீங்க ஏன் கேக்கறீங்க? பக்கத்துல யாரு, அந்தக் கறுப்புத் தம்பி அடிச்சாரா?"

"இல்லம்மா, அவர் கணக்குப் பாக்கறவர்."

"கணக்குப் பாக்கறவரை எதுக்கு கூட்டிட்டு வந்தீங்க? என் காதுக்கு விலை போடவா?"

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, அண்ணன் சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினார். 'உங்கள் வலிக்கு நாங்கள் தலைகுனிகிறோம். எந்த நேரமும் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.' தாளைக் கிழித்துப் பெட்டி இடுக்கில் செருகினார். மறுநாள் போனால் பெட்டி அங்கேயே இருந்தது, தாள் இல்லை. "படிச்சிருக்காங்க," என்றார். அதில் அவருக்கு ஒரு நம்பிக்கை. இரண்டாம் நாளும் எழுதினார், மூன்றாம் நாளும் நான்காம் நாளும் எழுதினார். இருபது வருடத்தில் எந்தக் கதவும் அவருக்கு இப்படித் திறக்காமல் இருந்ததில்லை, அதனால் அவர் இதற்கு முன் யாருக்கும் குறிப்பு எழுதி வைத்ததில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. அவள் வீட்டிலிருந்து இறங்கி நேரே உபகரண அறைக்குப் போனார். மக்கள் தொடர்பு ஆள் இரண்டு முறை போன் செய்துவிட்டார், ஹியொன்-ஓவின் கடிதம் ஐந்து மணிக்குள் ஏற வேண்டும். முழங்காலில் சூட்டுப் பட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார். ஆளுக்கொரு கை வைக்கிற பொறுமை அன்று அவருக்கு இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒலிப்பெட்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே கதவு திறந்தது.

"உள்ள வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. பெட்டியையும் எடுத்துட்டு வாங்க, கீழ் வீட்டம்மா நான் பழக்கடை போட்டுட்டேன்னு சொல்றா."

சின்ன வீடு. இடது காதில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள், வலது பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அண்ணனுடைய குறிப்புகள் நான்கும் வரிசையாகக் காந்தத்தில் ஒட்டியிருந்தன. அண்ணன் முகம் மலர்ந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, ஒரு நொடி.

அவள் கைபேசியை எடுத்து ஹியொன்-ஓவின் கடிதத்தைப் பெரிதாக்கி அந்த நான்கு தாளுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

நான் பார்த்தேன். ஒரே மாதிரி நிமிர்ந்த கோடுகள், ஒரே மாதிரி வால் நீண்ட வளைவுகள், ஒரே கை.

"அடிச்சது அவன்னு கேமரால பாத்துட்டேன்," என்றாள். "மன்னிப்புக் கேட்டது நீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அண்ணன் சட்டென்று மண்டியிடப் பார்த்தார். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வளைந்து நின்றார், உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"உக்காருங்கய்யா, மேசையை உடைச்சிடாதீங்க. அது தவணைல வாங்கினது." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எத்தனை பேருக்கு எழுதியிருக்கீங்க?"

"அம்மா, இது வெளிய போச்சுன்னா..."

"எத்தனை பேருக்கு?"

"பதினொண்ணு."

"பதினோரு பேர். அதுல ஒருத்தனாவது வந்து உங்ககிட்ட தாங்க்ஸ் சொன்னானா?"

அவர் மடங்காத காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டார்.

"நான் நிருபருக்குக் கூப்பிடலை. இன்னும் கூப்பிடலை. எனக்கு அவன் வரணும். கேமரா வேண்டாம், வக்கீல் வேண்டாம். இங்க வந்து உக்காந்து, நான் எதுக்கு உங்களை அடிச்சேன்னு அவன் வாயால சொல்லணும். வண்டி உரசலைன்னு அவனுக்கே தெரியும். அப்ப எதுக்கு அடிச்சான்? அதைத் தெரிஞ்சுக்காம எனக்குத் தூக்கம் வரலை. அவன் வந்து சொன்னா அந்த நிமிஷமே போடறேன் கையெழுத்து."

அன்று மதியமே ஏரிக்கரைக் குடியிருப்பில் ஹியொன்-ஓ வீட்டுக்குப் போனோம். பத்தொன்பதாம் மாடி, லிஃப்ட் உண்டு. சோபாவில் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, உங்க எழுத்தைப் பாத்துட்டு எங்கம்மா போன்ல ஒரே அழுகை. என் புள்ள இவ்வளவு அழகா எழுதுவானான்னு."

"ஹியொன்-ஓ, ஒரு தடவை வாடா. அரை மணி நேரம். நான் கூட இருக்கேன்."

"ஏஜென்ட் வாசல்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். போற வழியில ஒருத்தன் போட்டோ எடுத்தாப் போச்சு."

"தொப்பி போட்டுக்கோ. என் கோட்டைப் போட்டுக்கோ. அந்தம்மா வேற ஒண்ணும் கேக்கலை. ஏன் அடிச்சேன்னு மட்டும் சொல்லணுமாம்."

"எனக்கே தெரியாது அண்ணே. குடிச்சிருந்தேன். என்னத்தைச் சொல்றது? நான் என்ன குடிச்சிட்டு வண்டியா ஓட்டினேன்? வருஷா வருஷம் நீங்கதானே பாடம் எடுக்கறீங்க, குடிச்சா டிரைவரைக் கூப்பிடுங்கடான்னு. கூப்பிட்டேன்ல?"

"கூப்பிட்டு அடிச்சியேடா."

அவன் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை, மாட்டிக்கொண்ட பையனின் சிரிப்பு. பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்தான். "தோள் வலிக்குது அண்ணே. நாளைக்கு ஸ்கேன் இருக்கு. நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளிங்க, உங்களுக்குத் தெரியாததா."

இவன் பத்தொன்பது வயதில் அணிக்கு வந்தபோது இவன் வீசிய முதல் பந்தைப் பிடித்தவர் அண்ணன், வழக்கமாகப் பிடிப்பவருக்குக் காய்ச்சல் என்று அன்று மட்டும் முழங்கால் வலியோடு குந்தியிருந்தாராம். லிஃப்டில் இறங்கும்போது அதைச் சொன்னார். பந்து எவ்வளவு வேகமாக வந்தது என்று சொன்னார்.

புதன்கிழமை. காரை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை.

"தம்பி, அவன் வரலைன்னு சொல்றதா, உடம்பு சரியில்லைன்னு சொல்றதா?"

"உடம்பு சரியில்லைன்னே சொல்லுங்க அண்ணே. தோள் வலிங்கிறது நிஜம்தானே."

"ஆமா, நிஜம்தான்," என்றார். படியில் ஏறும் நேரம் முழுக்க அதை மனசில் ஒத்திகை பார்த்திருப்பார். ஆனால் கதவு திறந்ததும் வந்த வார்த்தை வேறு.

"வரமாட்டேன்னுட்டான்மா."

மல்-ஹி தலையாட்டினாள். வருவான் என்று அவளும் நினைத்திருக்கவில்லை. எங்களுக்குப் பார்லி தேநீர் ஊற்றி வைத்தாள். பேரிக்காய் ஒன்றை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள், தோல் அறுபடாமல் நீளமாகத் தொங்கியது.

"எனக்கு இந்தப் பணம் வேணும்," என்றாள். "தலை சுத்துது, ரெண்டு மாசம் ஸ்டீரிங் தொடாதேன்னுட்டார் டாக்டர். சவாரி அனுப்பற கம்பெனி என் நம்பரை நிறுத்தி வச்சிருக்கு. பிரச்சினை பண்ற டிரைவராம். அடி வாங்கினா பிரச்சினை பண்றவ. அதனால கையெழுத்துப் போடப் போறேன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா சும்மா போடமாட்டேன்."

"சொல்லுங்கம்மா."

"இந்த ஒரு வாரத்துல என்கிட்ட வந்த காகிதம் ஒண்ணுலகூட நிஜம் இல்லை. வக்கீல் காகிதம், உங்க அணிக் காகிதம், அவன் பேர்ல நீங்க எழுதின காகிதம். எனக்கு ஒரு நிஜமான காகிதம் வேணும். நீங்க எழுதுங்க. இந்தத் தேதியில, இந்தக் கடிதத்தை எழுதினது நான், என் பேர் இது. மூணு வரி. கீழ உங்க கையெழுத்து. அதைக் குடுங்க, இதை வாங்கிக்குங்க."

"அதை என்ன பண்ணுவீங்க?"

"வச்சிருப்பேன்."

"யாருக்காவது காட்டுவீங்களா?"

"தெரியாது. பொய் சொல்ல மாட்டேன், தெரியாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். எழுத வேண்டாம் என்று நான் தலையசைத்திருக்கலாம். எழுதுங்கள் என்றும் அசைத்திருக்கலாம். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு பேருக்குப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு அந்த மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு தாள் கசங்கியது. பேனா பிடித்த கை நடுங்கியது, இந்தத் தடவை நிஜமாகவே. எழுதி முடித்து, படித்துப் பார்க்காமல் அவள் பக்கம் தள்ளினார். அவள் வாய்விட்டுப் படித்தாள், மடித்தாள், அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். பிறகு அச்சடித்த தாளில் பெயர் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை ஊதி ஈரப்படுத்திக் குத்தினாள்.

"பேரிக்காய் சாப்பிட்டுட்டுப் போங்க. நல்லாத்தான் இருக்கு."

காரில் ஏறியதும் இயக்குநருக்குப் போன் செய்தார். கிடைத்துவிட்டது சார் என்றார். "சரி, காலையில் எடுத்துட்டு வாங்க," என்று குரல் வந்தது. பாராட்டும் இல்லை, பெருமூச்சும் இல்லை. களைப்பாக இருப்பார் என்றார் அண்ணன்.

வியாழன் காலை எட்டரைக்கு அண்ணன் இயக்குநர் அறைக்குப் போனார். கண்ணாடிச் சுவர், கதவு சரியாகச் சாத்தவில்லை. என் மேசையிலிருந்து எல்லாம் கேட்டது.

கூ தாளை வாங்கிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"பியோ சார், நேத்து சாயந்திரம் ஸ்கேன் வந்துது. தோள் உள்ள கிழிஞ்சிருக்கு. இந்த வருஷம் அவ்வளவுதான். அடுத்த வருஷமும் டாக்டர் உறுதி சொல்லலை. ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு."

"ஐயோ, பாவம் சார்."

"பாவம்தான். ஆனா கேளுங்க. குழு ஒரு வருஷத் தடை போட்டா நாம விதிப்படி ஒப்பந்தத்தை முறிச்சுக்கலாம். ஒழுக்கம்னு ஒரு அறிக்கை விட்டாப் போதும், ரசிகர்கள் கை தட்டுவாங்க. நாப்பது ஆட்டத்தோட விட்டாங்கன்னா, மூணு வருஷமும் படுக்கையில வச்சு சம்பளம் குடுக்கணும். புரியுதா?"

"புரியலை சார்."

"இந்தத் தாள் இன்னிக்கு வரலை. அவ்வளவுதான். நாளைக்கு வந்துது. ஒரு நாள் தாமதம். யார் மேலயும் தப்பில்லை, அந்தம்மா யோசிச்சுட்டு லேட்டா போட்டாங்க."

"அவங்களுக்குப் பணம்..."

"அது ஹியொன்-ஓவோட வக்கீல் பாடு, அவங்க பாடு. கோர்ட்டுக்குப் போகட்டும். ரெண்டு வருஷத்துல வரும்." தாளை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தார். தன் இழுப்பறையில் வைத்துக்கொள்ளவில்லை, அதை நான் கவனித்தேன். "உங்க டிராயர்லயே வைங்க. டிசம்பரைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அண்ணன் வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தார். தாளை எதிரே வைத்தார். மைதானத்தில் புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு சுற்று முடிந்து திரும்பும் வரை அப்படியே இருந்தார்.

"ஒரு வாரம் முன்னால, இவனைக் காப்பாத்து, இல்லைன்னா உன்னை அனுப்பிடுவேன்னார்," என்று மெதுவாகச் சொன்னார். "இப்ப இவனைக் கைவிடு, உன்னை வச்சுக்கறேங்கறார். ரெண்டுக்கும் நடுவுல ஒரு எலும்பு போட்டோ."

கூவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அவன் மேல எனக்குப் பாசம் இல்லை தம்பி. ஒரு வருஷம் வெளிய நிக்கட்டும், அடிச்சவன்தானே. மூணு வருஷச் சம்பளமும் போகட்டும். ஆனா அந்தப் பொம்பளை என்ன நினைப்பா? என் மூணு வரியை வாங்கிட்டு முத்திரை குத்தினா. நான் அவ தாளை டிராயர்ல வச்சேன்னா, நானும் அவனை மாதிரித்தானே அவளை அறையறேன். அவ அரிசி டப்பாவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து நிருபர்கிட்ட போவா. போகணும். அப்பவும் வேலை போகும். போகலைன்னாலும், தினமும் காலைல அவ இன்னிக்குப் போவாளோன்னு நான் உக்காந்திருப்பேன்."

கையிரண்டாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"சியோலுக்கு அடுத்த பஸ் எப்போ?"

நான் கைபேசியில் பார்த்தேன். "ஒன்பது நாப்பது. பன்னெண்டரைக்குள்ள போயிடலாம்."

"நீ வர்றியா? இறங்கி அந்த ஆபீஸ் எங்கேன்னு கேட்டுப் போறதுக்குள்ள..."

"எனக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங் இருக்கு அண்ணே."

மீட்டிங் இருந்தது, அது பொய் இல்லை. தள்ளிப் போட்டிருக்கலாம் என்பதும் பொய் இல்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, தாளை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

பத்தரை மணிக்குக் கூ என் மேசைக்கு வந்தார். பியோ சார் எங்கே என்றார். தெரியாது என்றேன். ஆஸ்பத்திரிக்கு, முழங்காலுக்காகப் போயிருக்கலாம் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் அண்ணனுக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான், அதையும் எனக்காகத்தான் செய்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

லீக் அலுவலகம் ஆறாம் மாடியில். அன்று லிஃப்டில் ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒன்று இருபதுக்குத் தாளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று நேரம் போட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டார். அணியின் நிர்வாகப் பிரிவு அட்டை கழுத்தில் தொங்கியதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வருகிற வழியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. நாற்பது ஆட்டத் தடை, சமூக சேவை, 'பாதிக்கப்பட்டவர் மன்னித்ததைக் கருத்தில் கொண்டு'.

அணி அறிக்கை விட்டது. குழுவின் முடிவைப் பணிவோடு ஏற்கிறோம் என்று. கூ அதற்கடுத்த வாரம் முழுக்க யாரிடமும் பேசவில்லை. ஹியொன்-ஓ தோள் அறுவைக்காக வெளிநாடு போனான், விமான நிலையத்தில் இரண்டு ரசிகைகள் பூச்செண்டு கொடுத்த படம் வந்தது. மூன்று வருடச் சம்பளமும் அவனுக்கு அப்படியே இருந்தது. அது யாரால் இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. ஜூன் கடைசியில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, நிர்வாகப் பிரிவைச் சுருக்குகிறார்கள் என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். வயதில் சின்னவள். அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அண்ணன் உடனே, சரிம்மா, சரிம்மா என்று சொல்லி அனுப்பினார். கும்பிட்டும் வைத்தார், பழக்கம்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசியை எடுத்து மல்-ஹிக்குக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கும், எதற்காகப் போட்டார் என்று தெரியவில்லை.

"அம்மா, பியோ சங்-கில் பேசறேன். பணம் வந்துதா?"

"போன வாரம் வந்துது. முழுசா வந்துது."

"காது?"

"விசில் அடிச்சிட்டே இருக்கு. ஆனா தலை சுத்தலை. ஆகஸ்ட்ல ஓட்ட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், வேற கம்பெனியில." பிறகு கேட்டாள். "உங்களுக்கு வேலை எப்படி இருக்கு?"

"இருக்கும்மா. நல்லா இருக்கு."

அந்த மூன்று வரியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உடம்பைப் பாத்துக்கோங்க என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

போனை வைத்துவிட்டு, என்னிடம் காலி அட்டைப்பெட்டி ஏதாவது இருக்குமா தம்பி என்று கேட்டார்.